ஆளுக்கொரு இங்கிலீஷ் வார்த்தை

எனக்கு எழுபது நடக்கிறது. நான்கு பேரை ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, ஒன்று தாயில்லாமல் போன என் நாத்தனார் மகள். நால்வரும் இன்று யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. படிப்பு என்று பார்த்தால் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்து ஏறிவிடுவேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் செல்போனில் எழுதுகிறாள்.

ஆனாலும் என் வயதுக்காரிகளே, உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஒருவருடைய பேரையும் புகழையும் சொல்ல இங்கிலீஷில் இருக்கிற வார்த்தைகளில் ஒரு கைப்பிடி எனக்கு மனப்பாடம். ஃபேமஸ், பாப்புலர், எமினன்ட், ரினௌன்ட், ரெஸ்பெக்டபுள், நொட்டோரியஸ், அப்ஸ்க்யூர். வேறு இங்கிலீஷ் பேசினால் முழிப்பேன். இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அர்த்தத்தோடு சொல்வேன். இவை எனக்கு எப்படி வந்தன என்பதைத்தான் சொல்லப்போகிறேன். உங்களுக்கும் அவசரமில்லை, எனக்கும் இல்லை.

ராஜபாளையத்தில் எங்கள் தெரு, பஞ்சு மில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து அதே சத்தத்துக்குச் சோறு வடிக்கிற தெரு. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐப்பசி மழை தொடங்கின நேரத்தில் என் சித்தப்பா ராணுவத்திலிருந்து இரண்டு மாத லீவில் வந்தார். அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வருவது அவருடைய பச்சைத் தகரப் பெட்டிதான். அதைத் திறந்தால் பூட்ஸ் பாலிஷ் வாசமும் அந்துருண்டை வாசமும் கலந்து எழும்பும். நான் பெட்டிக்குள் தலையை விட்டபடியே நிற்பேன். அந்தக் கலப்பு வாசம் அப்புறம் எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

அந்தத் தடவை பெட்டிக்குள் ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. சித்தப்பாவுக்கு ஒரு பரீட்சை. தேறினால் சட்டைக் கையில் இன்னொரு பட்டை ஏறும். முன்பே ஒரு முறை எழுதிக் கோட்டைவிட்டிருந்தார். கணக்கு அவருக்குச் சுலபம், மேப் பார்ப்பது சுலபம். இங்கிலீஷில்தான் மாட்டிக்கொண்டார். அதிலும் பேர் புகழைச் சொல்கிற வார்த்தைகள் இருந்த பக்கம் அவரை அழ வைத்தது.

"ஏட்டி, எல்லாம் ஒரே தாய்க்கோழியோட குஞ்சு மாதிரில்லா இருக்கு. எதைப் பிடிச்சாலும் பேர் பெற்றவர்னுதான் அர்த்தம் வருது. இதுல எது எதுன்னு எப்படிப் பிரிக்க?" என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் புலம்பினார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வார்த்தையையும் எங்கள் தெருவில் ஓர் ஆளோடு சேர்த்துக் கட்டிவிடுவது. ஆள் ஞாபகம் வந்தால் வார்த்தையும் கூடவே வந்துவிடும். சாயங்காலம் என்னை இடுப்பில் இடுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்று வருவார். ஓர் ஆள் எதிரே வந்தால் அவர் வார்த்தையைச் சொல்வார். மறந்துவிட்டால் நான் எடுத்துக் கொடுப்பேன்.

மில் முதலாளி எமினன்ட். அவரை நாங்கள் பார்த்ததில்லை, அவர் கார் கிளப்புகிற புழுதியைத்தான் பார்த்திருக்கிறோம். டீக்கடைக்காரர் பாப்புலர், அவர் கடையில் நிற்காத ஆள் கிடையாது. வெள்ளை நாய் வளர்க்கும் அண்ணாச்சி ரினௌன்ட். ரோஜா நிற மூக்கோடு எலும்பும் வளைவுமாக நிற்கிற அந்த நாய்க்குட்டிகளுக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே அவர் வீட்டைத்தான் விசாரிப்பார்கள். எங்கள் அப்பா ரெஸ்பெக்டபுள். நல்லதோ கெட்டதோ, அவரைப் பற்றி ஒருவர் வாயிலும் ஒரு சொல் கிடையாது.

சேவல்கட்டு விடுகிறவர் ஒருத்தர் இருந்தார். அவரைத் தேடிப் போலீஸ் வராத மாதம் கிடையாது. அவருக்கு நொட்டோரியஸ். தெருவெல்லாம் ஆளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அவரே சித்தப்பாவை மறித்துத் தன் வார்த்தை என்ன என்று கேட்டார். சித்தப்பா பொய் சொல்லத் தெரியாதவர். கெட்ட பேரில் பெரிய பேர் என்று அர்த்தம் சொன்னார். சேவல்கட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"பெரிய பேருதான?" என்றார். சித்தப்பா ஆமாம் என்றதும் எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு இதில் வருத்தம். தெருவில் ஆம்பளைகளுக்கு மட்டும்தான் இங்கிலீஷா, எங்களுக்கு ஒன்றும் கிடையாதா என்று எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டாள். சித்தப்பா பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த வார்த்தையெல்லாம் இரண்டு பேருக்கும் பொதுதான் என்றார். ஆட்டுரலில் மாவு தள்ளிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"பொம்பளைக்கு எதுக்குத் தம்பி அதெல்லாம்? நம்ம பேரு நாலு தெருவுக்குத் தெரியாம இருந்தாலே போதும்."

ஃபேமஸுக்கு ஒருவரும் சரியாக அமையவில்லை. அப்ஸ்க்யூர் என்ற வார்த்தைக்கோ சித்தப்பாவுக்கு ஆளே கிடைக்கவில்லை. யாருக்குமே தெரியாத ஆள் என்று அர்த்தமாம். அடுத்த வீட்டுத் தாளிப்பை மோந்தே குழம்பு இன்னதென்று சொல்லுகிற எங்கள் தெருவில் அப்படி ஓர் ஆளுக்கு எங்கே போவது? அந்த வார்த்தை ஆளில்லாமல் சும்மா கிடந்தது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு. தோட்டத்துக் கிணற்றில் மீன் மாதிரி நீந்துவாள். அப்பாதான் பழக்கினார். காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கயிற்றால் அவள் முதுகில் கட்டி, பம்புசெட் மேட்டிலிருந்து தள்ளிவிடுவார். அவள் மூழ்கி மேலே வந்து முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுச் சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார். அப்பா பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்தக் கிணற்றடியில் மட்டும்தான்.

அந்த வருஷம் அக்காவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கான்சாபுரத்தில் வயல். ஜாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் பார்ப்பதுதான் பாக்கி. ஆடித் தேருக்குப் போனபோது மாப்பிள்ளை வடம் பிடித்து இழுத்ததை அக்கா கூட்டத்துக்குள் நின்று பார்த்திருக்கிறாள். அதை என்னிடம் மட்டும் சொன்னாள். சொன்ன பிறகு செத்த நேரம் என் தலைமுடியைப் பின்னிக்கொண்டே இருந்தாள். பின்னல் முடிந்த பிறகும் அவிழ்த்து மறுபடி பின்னினாள். இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்கே தெரிந்தது.

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிவிட்டது. ஒரு நாள் காலையில் பெண்களெல்லாம் துணி துவைக்கப் போனோம். தூரத்தில், வண்டல் வெட்டின பள்ளம் இருக்கிற பக்கமாக, பஞ்சு லாரி டிரைவர் ஒருவர் குளிக்க இறங்கினார். வெளியூர்க்காரர், பள்ளம் தெரியாது. இறங்கியவர் அப்படியே உள்ளே போய்விட்டார். கை மட்டும் மேலே தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

பெண்கள் கத்தினார்கள். கரையில் நின்ற ஆண்கள் கயிற்றைத் தேடினார்கள். அக்கா கையிலிருந்த துணியைக் கல்லில் போட்டுவிட்டு நடந்து போவது போலத்தான் போனாள். குதித்தது எனக்குத் தெரியும், சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி அவள் தலை எழும்பியது, மறுபடி முங்கியது. அந்த ஆள் அவளைக் கட்டிப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். பிடித்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். தன் தாவணியை உருவி ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, கரை வரைக்கும் இழுத்து வந்துவிட்டாள்.

அவர் வாந்தி எடுத்தார். பிழைத்தார். அக்கா பாவாடை சட்டையோடு, தாவணி இல்லாமல், அத்தனை பேர் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டுப் பெரியம்மாதான் துவைக்கக் கொண்டுவந்த ஜமுக்காளத்தை எடுத்து அவள் மேல் போர்த்தினாள். தாவணி அந்த ஆள் கையில் சுருண்டு கிடந்தது. விரலைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து அக்காவைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுக்க வைத்தார். அது பேப்பரில் வந்தது. கண்ணை அகல விழித்துக்கொண்டு, காணாமல் போன பிள்ளை மாதிரி இருந்தாள் அக்கா. பேர் போடவில்லை, மை அப்பியதில் தெரியாதவர்களுக்கு அடையாளமும் பிடிபடாது. சித்தப்பா அதைக் கத்தரித்து டீக்கடைச் சுவரில் மைதாப் பசை தடவி ஒட்டினார். "இம்புட்டு நாளும் ஃபேமஸுக்கு ஆள் சரியா அமையல. இப்ப நம்ம வீட்டுலயே அமைஞ்சிருச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

டீக்கடையில் அது ஃபேமஸ்தான். குழாயடியில் வேறு மாதிரி இருந்தது. தாவணி இல்லாமல் நின்றாளாம், ஓர் ஆம்பளையை இழுத்துக்கொண்டு வந்தாளாம் என்று அங்கே பேச்சு. அந்த லாரி டிரைவர் பாவம், நன்றி சொல்லுவதற்காக ஒரு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்தார். அம்மா வாசலை விட்டு உள்ளே அவரை விடவில்லை. அவர் தாரை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அது பழுத்து, வாசம் வந்து, கடைசியில் மாட்டுக்குத்தான் போனது. வீட்டில் ஒருவரும் தொடவில்லை.

அப்பா டீக்கடைக்குப் போனார். சுவரில் ஒட்டியிருந்த படத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது நக இடுக்கில் பசையும் பேப்பர் மையும் இருந்தது. அப்பா அக்காவை நினைத்து வெட்கப்படுகிறார் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். வருஷக்கணக்காக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா காலமான பிறகு மாட்டுத் தொழுவத்தை ஒதுக்கியபோது பரண் மேலே அந்தச் சுரைக்குடுக்கை கயிற்றோடு இருந்தது. பூச்சி அரிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார்.

உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்தில் பூ வைப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஆளை விசாரிக்க அனுப்புவார்கள். இன்னாருக்காக வந்தேன் என்று அவர் சொல்லமாட்டார். வேறு சோலியாக வந்தது போல டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் நாய்க்குட்டி வாங்க வந்ததாகத்தான் சொல்வார்கள். அதனால் கல்யாண காலத்தில் அசலூர்க்காரர் ஒருவர் வந்து நாய்க்குட்டி கேட்டாலே, பெண் இருக்கிற வீடுகளில் வாசல் பளிச்சென்று ஆகிவிடும்.

அம்மா ஒரு மத்தியானம் வீடு வீடாகப் போனாள். யார் வந்து கேட்டாலும் கண்மாயில் குதித்த பெண்ணை எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். தெருவில் எல்லோரும் சரி என்றார்கள். குழாயடியில் பேசினவர்களும்கூடச் சரி என்றார்கள். அந்தப் பிள்ளை வாழ வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் இருந்தது. சித்தப்பாவிடம் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

கார்த்திகையில் ஒரு தூறல் நாளில் அவர் வந்தார். குடையும் புதுச் செருப்புமாக, மாப்பிள்ளையின் தாய்மாமன். நானும் சித்தப்பாவும் டீக்கடையில் இருந்தோம். நாய்க்குட்டி விலை கேட்டார், காது எப்படி இருக்க வேண்டும், வால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார், அப்புறம் மெதுவாகக் கண்மாய்க்கு வந்தார். பேப்பரில் பார்த்தேனே, அந்தப் பெண் இந்தத் தெருவா என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் பசை காய்ந்து சதுரமாக வெளுத்திருந்தது. டீக்கடைக்காரர் அப்படி ஒன்றும் கேள்விப்படவில்லை என்றார். நாய் அண்ணாச்சி, பேப்பர்க்காரன் ஊரை மாற்றிப் போட்டுவிட்டான் என்றார்.

"அது சங்கரன்கோவில் பக்கம்னு சொன்னாவ" என்றார் சேவல்கட்டுக்காரர். "அங்க உள்ள பிள்ளைகதான் அப்படி."

சித்தப்பா டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

வந்தவர் அப்புறம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா கயிற்றுக் கட்டிலில் இருந்தார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கெட்டவர் இல்லை, முகத்தில் ஒரு கனிவு இருந்தது. குடித்துவிட்டு அவளைப் பார்த்தே கேட்டார்.

"தாயி, ஒரு பொண்ணு கண்மாய்ல குதிச்சு ஆளைக் காப்பாத்துனான்னு பேப்பர்ல போட்டிருந்தானே. அது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

அப்பா மேல்துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். மடிப்பு சரியாக வரவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா நிமிரவில்லை.

"தெரியாது ஐயா" என்றாள் அக்கா. "எனக்குத் தண்ணின்னாலே பயம். வாய்க்கா தாண்டணும்னாகூட யாராச்சும் கையப் பிடிக்கணும்."

தெரியாது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பதினெட்டு வயதில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், தேவைக்கு மேலே சொல்லிவிட்டாள். வந்தவருக்குத் திருப்தி. போகிற வழியில் பேசின விலைக்கு நாய்க்குட்டியையும் வாங்க வேண்டியதாயிற்று. வேட்டியில் அது ஒன்றுக்கிருக்க, குடைக்குள் அதை வைத்துக்கொண்டு பஸ் ஏறினார் என்று தெருவே சிரித்தது.

சித்தப்பா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் நாங்கள் சுற்றி வரும்போது, "ஏட்டி, அந்த வார்த்தைக்கு ஆள் கிடைச்சிருச்சு" என்றார்.

"எந்த வார்த்தைக்கு?"

"அப்ஸ்க்யூருக்கு."

அதற்குப் பிறகு அவர் தெருவில் வார்த்தை சொல்லிக்கொண்டு நடக்கவில்லை. பரீட்சையில் தேறினார். பட்டையும் ஏறியது. அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவார்.

தை மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. அத்தான் தங்கமான மனிதர். ஆனால் தாய்மாமன் போய்ச் சொன்ன செய்தி அந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. புது மருமகளுக்குத் தண்ணீர் என்றால் பயம். திருமுக்குளத்தில் அவளைப் படியில் இறங்க விடமாட்டார்கள், மேலே உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். கான்சாபுரத்து வயலுக்குப் போனால் அத்தான் முதலில் வாய்க்காலைத் தாண்டி, திரும்பி நின்று கையை நீட்டுவார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டுவாள். அவள் ஒரே எட்டில் தாண்டக்கூடிய வாய்க்கால் அது. கோடை லீவில் எங்கள் பிள்ளைகளெல்லாம் பம்புசெட் கிணற்றில் குதித்துக் கூத்தடிக்கும்போது அவள் வரப்பில் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். நான் பார்ப்பேன். அவளும் என்னைப் பார்ப்பாள். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அம்மா வாங்கின சத்தியம் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் என்று இருந்துவிட்டோம். இப்படியே அறுபது வருஷம் போல ஓடிவிட்டது.

இந்த வருஷம் அக்காவின் பேத்தி, கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கிறவள், நீச்சல் போட்டியில் மெடல் வாங்கினாள். மடவார் வளாகத்துத் தெரு முனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நீச்சல் தொப்பியோடு, ஒரு மாட்டளவு உயரத்தில் அவள் முகம். அவளைப் பெற்ற அப்பனே ஏணி போட்டு ஏறிக் கட்டினான். அதில் கீழே இங்கிலீஷில் என்னமோ எழுதியிருந்தது. என் பேத்தியை வாசிக்கச் சொன்னேன். ரினௌன்ட் என்று ஒரு வார்த்தை வந்தது. பக்கத்தில் நின்ற பையன்களுக்கு நான் அதன் அர்த்தத்தைச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் கொஞ்ச நாளைக்கு வைத்திருப்பேன். அக்கா படத்துக்கு அடியில் கம்பைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள்.

வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பால்கோவாத் தட்டு சுற்றிச் சுற்றி வந்தது. இவளுக்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று பேச்சு வந்தபோது அத்தான் சாய்வு நாற்காலியிலிருந்து சொன்னார்:

"எங்க வம்சத்துல எவனும் இடுப்பளவு தண்ணிக்கு மேல இறங்கினது கிடையாது. இவ ஆச்சியக் கேளுங்க, வாளித் தண்ணியப் பார்த்தாலே ஒதுங்கிப் போவா."

எல்லோரும் சிரித்தார்கள். பேத்தியும் ஆச்சியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அக்கா அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"எனக்கு ஒரு நாளும் தண்ணிக்குப் பயம் கிடையாது" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தாள். கண்மாயைச் சொன்னாள், பள்ளத்தைச் சொன்னாள், தாவணியைச் சொன்னாள். தாவணி இல்லாமல் நின்றதையும் மகன் மருமகள் முன்னாலேயே சொன்னாள். தாய்மாமனுக்குத் தண்ணீர் கொடுத்துப் பொய் சொன்னதைச் சொன்னாள். நான் இடையில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அது அவளுடையது.

முடிந்ததும் எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே இருந்தார். எண்பது தாண்டினவர். கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எம்புட்டு ஆழம்?" என்றார்.

"ரெண்டு ஆள் மட்டம் இருக்கும்."

"அவன் கனமான ஆளா?"

"நனைஞ்ச பஞ்சு மூட்டை கணக்கா இருந்தான்."

அத்தான் தலையை ஆட்டினார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்.

"அப்ப இம்புட்டு வருசமா வாய்க்கா கரையில நான் கைய நீட்டிக்கிட்டு நின்னேனே" என்றார். "அதெல்லாம் எதுக்கு?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"அது எனக்கு வேண்டியிருந்துச்சு" என்றாள்.

நான் சொல்ல வந்தது அம்புட்டுதான். இதை எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன். எழுது, ஒன்றையும் மறைக்காதே என்று சொல்லிவிட்டாள்.

ஏட்டி, நீ இனி செல்போனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து முதலிலிருந்து வாசி. நான் சொன்னது சொன்னபடி வந்திருக்கிறதா என்று பார்ப்போம். வயசு வருகிற இடத்தை வேகமாக வாசித்தாலும் சரி, தெரு வருகிற இடத்தை வேகமாக வாசித்தாலும் சரி. அக்கா துணியைக் கல்லில் போட்டுவிட்டு நடந்து போகிற இடம் வந்ததும் நிதானமாக வாசி.